டெக்சாஸ்ல எந்த கவுண்டில எத்தன பேருக்கு ஓட்டுரிமை? கணக்கு போடறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ஷன் முடிஞ்ச உடனே கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மேப் ஒன்ன போட்டு "இங்க பாதி பேர் கூட ஓட்டு போடல"ன்னு ஷேர் பண்ண ஆரம்பிச்சிடறாங்க, ஆனா அதுல பல பேர் ஓட்டுரிமை உள்ளவங்க எண்ணிக்கைய விட்டுட்டு மொத்த ஜனத்தொகையால வகுத்து வச்சிருப்பாங்க, அங்கயே கணக்கு போச்சு. டெக்சாஸ்ல 254 கவுண்டி, 2020 சென்சஸ்படி ஹாரிஸ்ல 47 லட்சம் பேர், லவிங்ல வெறும் 64 பேர், எல்லாத்துக்கும் ஒரே கணக்கு எப்படி பொருந்தும்?

டல்லாஸ் பக்கம் காலின் கவுண்டில நம்ம ஆளுங்க வீடு ஒன்ன எடுத்துக்கோங்க. அப்பா எச்-1பி வேலை விசா, அம்மா அவரோட எச்-4 குடும்ப விசா, அங்கயே பொறந்த ரெண்டு பிள்ளைங்க சிட்டிசன் ஆனா ஸ்கூல் படிக்குதுங்க. சென்சஸ்ல நாலு பேர், ஓட்டு போடக்கூடியவங்க ஒருத்தரும் இல்ல. கிரீன் கார்டு வந்தாலும் சிட்டிசன் ஆகுற வரைக்கும் இதே கதைதான். மெக்சிகோ பார்டர்ல இருக்கிற ஹிடால்கோ கவுண்டில குழந்தைங்களும் அதிகம், சிட்டிசன் ஆகாதவங்களும் அதிகம், அதனால அந்த ஊர் ஜனங்களுக்கு அக்கறையே இல்லன்னு எழுதறது பெரிய அநியாயம்.

இன்னொன்னு, 2020 சென்சஸ்ல குடியுரிமை கேள்வியே கேக்கல. எத்தன பேர் சிட்டிசன்ங்கற நம்பர் வர்றது சென்சஸ் ஆபீஸ் தனியா நடத்தற அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேல இருந்து, அதுவும் அஞ்சு வருஷ சாம்பிள சேத்து போட்ட எஸ்டிமேட். 2017-2021 டேபிளையும் 2018-2022 டேபிளையும் பக்கத்துல வச்சு ஒரே வருஷத்துல இவ்ளோ மாறிடுச்சுன்னு சொல்லாதீங்க, நாலு வருஷ டேட்டா ரெண்டுலயும் ஒண்ணுதான். சின்ன கவுண்டின்னா மார்ஜின் ஆஃப் எரர (எஸ்டிமேட் எவ்ளோ முன்ன பின்ன இருக்கலாம்ங்கற அளவ) பாக்காம எதையும் எழுதவே எழுதாதீங்க.

ரிஜிஸ்டர் ஆன வோட்டர் எண்ணிக்கை, 18 வயசு தாண்டின சிட்டிசன் எஸ்டிமேட்ல 100 சதவீதத்த தாண்டினா உடனே கள்ள ஓட்டுன்னு கத்தறதும் ரொம்ப தப்பு, வேகமா வளர்ற ஊர்ல பழைய அஞ்சு வருஷ சராசரியால இன்னைக்கு லிஸ்ட்ட வகுத்தா அப்படித்தான் வரும், வீடு மாறினவர் பதில் போடலன்னா 1993 ஃபெடரல் சட்டப்படி ரெண்டு ஃபெடரல் பொதுத் தேர்தல் முடியற வரைக்கும் பேர தூக்கவும் முடியாது.

18 வயசு தாண்டின சிட்டிசன் எல்லாருக்கும் ஓட்டு உண்டுன்னும் நினைக்காதீங்க. டெக்சாஸ்ல பெரிய குற்றத்துல தண்டனை ஆனவங்க பரோல், ப்ரோபேஷன் எல்லாம் முடிக்கற வரைக்கும் ஓட்டு போட முடியாது, ஆனா சென்சஸ் ஜெயில்ல இருக்கிறவங்கள அந்த ஜெயில் இருக்கிற ஊர் கணக்குலதான் சேக்குது. அதனால ஹண்ட்ஸ்வில் ஜெயில்கள் இருக்கிற வாக்கர் கவுண்டிய பக்கத்து கவுண்டியோட ஒப்பிடறதுக்கு முன்னாடி அந்த ஆளுங்கள கழிச்சிட்டு பாருங்க.