கரும்பலகையில் ஒரு பெயர்: தோட்ட மேடைக்குத் துன்பியல் நாடகம் எழுதுவது

கோயில் திருவிழாவுக்கோ தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கோ 40 நிமிட நாடகம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நாயகன் சாகிறான், பக்கத்தில் நிற்பவர் "எல்லாம் தலையெழுத்து" என்கிறார், திரை விழுகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ முன்வரிசையில் உட்காரும் பாட்டிகள் இதற்கெல்லாம் அழமாட்டார்கள். தலையெழுத்தைப் பற்றி எழுதியவரைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

என்ன நடக்கும் என்பதை விதி சொல்லட்டும். அதை நடத்தி வைப்பது ஆளாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே காட்சியில் எப்படிப் பொருத்துவது என்பதுதான் வேலை.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளரான தண்டலுக்குக் கோயிலில் குறி வருகிறது: "உன் கையாலதான்டா உன் புள்ள போவான்." பயந்துபோன தண்டல் வீட்டிலுள்ள பாராங் கத்தியைப் பூட்டி வைக்கிறார். மகனைத் தன் கையெட்டும் தூரத்திலேயே வைக்கக்கூடாது என்று தன் கும்பலிலிருந்து மாற்றி, 7ஆம் நம்பர் காட்டில் குலை வெட்டப் போடுகிறார். அந்தக் காட்டுக்கு மேலே மின்கம்பி போகிறது. குலை வெட்டும் கழி அலுமினியம்.

குறிக்குப் பயந்து ஓடிய ஓட்டமே குறியைப் பலிக்க வைக்கிறது. கிரேக்க நாடகத்தில், அப்பாவைக் கொல்வாய் என்ற குறிக்குப் பயந்து ஈடிபஸ் கொரிந்து நகரை விட்டு ஓடியதும் இப்படித்தான். ஆனால் இது பாதி வேலைதான். இத்தோடு நிறுத்தினால் தண்டல் வெறும் பொம்மை.

மீதிப் பாதி பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், இருக்கிறது. முதலில் பேரேட்டில் பென்சிலால் பெயர் எழுதுவதாகத்தான் தோன்றும். வேண்டாம், பத்தாவது வரிசைக்குப் பென்சில் தெரியாது. கரும்பலகை வையுங்கள். தண்டல் வெண்கட்டியால் மகன் பெயரை எழுதட்டும், துடைக்கும் துணி பக்கத்து ஆணியில் தொங்கட்டும். அப்போது தோட்டக் கணக்கரான கிராணி வருகிறார்.

"ஏழாம் நம்பர்ல மேல கரண்டுக் கம்பி போவுது தண்டல். புதுப் பையன். வேற ஆளப் போடு."

"எழுதியாச்சுங்க ஐயா."

"எழுதினா என்ன? தொடைச்சிட்டு எழுது."

தண்டல் துணியைப் பார்க்கிறார். மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை யாரும் பேசக்கூடாது. பிறகு வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார்.

ஏன் துடைக்கவில்லை? போன மாதம் குலை எண்ணிக்கையில் கிராணியோடு சண்டை. அவர் சொல்லிக் கேட்டதாக ஆகிவிடக் கூடாது. குறியையும் யாரிடமும் சொல்லவில்லை. வீம்பும் பயமும் சேர்ந்துதான் ஒரு பிள்ளையைக் கொல்கின்றன. சண்டையை முதல் ஐந்து நிமிடத்துக்குள் லேசாகக் காட்டிவிடுங்கள். பெரட்டில் வந்துதான் முதல் தடவை கேள்விப்பட்டால், அந்த நேரத்துக்குத் தைத்த ஒட்டு மாதிரி தெரியும்.

எந்தத் துன்பியல் நாடகமானாலும் இந்தக் காட்சியில் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள்: வேறு வழி, யோசிக்க நேரம், அதை வாய்விட்டுச் சொல்லும் ஒருவர். ஒன்று குறைந்தாலும் "பாவம், அவன் என்ன செய்வான்" என்று சனம் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடும்.

இந்த வித்தையை நம்மிடமே கற்கலாம். சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் பாண்டியன் ஆணையிடும் இடத்தில், "வினைவிளை காலம் ஆதலின்" என்று சொன்ன இளங்கோ அடுத்த அடியிலேயே "தேரான் ஆகி" என்கிறார். வினை விளைந்தது, அவனும் ஆராயவில்லை. ஊடிய தேவியைத் தணிக்கப் போகும் அவசரம் அவனுக்கு. சிலம்பை உடைத்தால் முத்தா மாணிக்கமா என்று தெரிந்துவிடும், பின்னால் வழக்கில் அதுதானே நடக்கிறது! கோவலனின் முற்பிறப்புக் கதையை மதுரை எரிந்த பிறகு, கட்டுரை காதையில்தான் சொல்கிறார். முன்னாலேயே சொல்லியிருந்தால் பாண்டியன் மேல் நமக்குக் கோபமே வந்திருக்காது.

ஈடிபஸ் கதையை நாடகமாக்கிய சோபக்ளிஸ் எடுத்தது எதிர்வழி. குறி பலித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதனால் மேடையில் நடப்பது விசாரணை மட்டும். குருட்டு ஞானி, மனைவி, ஆட்டிடையன் மூவரும் கேட்காதே என்கிறார்கள், ஈடிபஸ் கேட்கிறான். நம் ஊர்க் கதை புதிது என்பதால் குறியை 6ஆவது நிமிடத்துக்குள் சொல்லிவிடுவது நல்லது.

குறி கேட்டவன் வேறு மாதிரியும் நடக்கலாம் என்று காட்ட இன்னொரு ஆளை வையுங்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மக்பெத்தோடு நின்று பாங்க்வோவும் சூனியக்காரிகளின் வாக்கைக் கேட்கிறான், அவன் அரசனைக் கொல்லவில்லை. நம் நாடகத்தில் பக்கத்து லயத்துக்காரருக்கும் (தொழிலாளர் வரிசை வீட்டுக்காரர்) கெட்ட குறி வரட்டும். அவர் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுச் சோறு தின்கிறார். இரண்டு நிமிடம் போதும். எல்லாம் தெரிந்தே சாவைத் தேர்ந்தெடுக்கும் கர்ணன் வகை நாயகனை முதல் நாடகத்தில் தொடவேண்டாம், கை தேர்ந்தவர்களுக்கே தடுமாறும்.

குறிக்காட்சியில் ஒரு எச்சரிக்கை. உறுமியை அருள் வரும் தாளத்தில் அடிக்காதீர்கள், உள்ளூர்ச் சாமி பெயரையும் சொல்லாதீர்கள். முன்வரிசையில் யாருக்காவது அருள் வந்துவிட்டால் நாடகம் அங்கேயே முடிந்தது.

நேரக் கணக்கு: பெரட்டுக் காட்சி 15ஆவது நிமிடம் தொடங்கி ஐந்து நிமிடம். சாவுச் செய்தி 28இல். மீதி 12 நிமிடமும் தண்டல் தன்னை அறிந்துகொள்வதற்கு. பலர் இதற்கு இரண்டு நிமிடம்தான் விடுகிறார்கள், அதனால்தான் கடைசியில் "விதி" என்று கத்த வேண்டியிருக்கிறது. வசனத்தைக் கடிகாரம் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள், மனசுக்குள் படிக்கும் நேரம் மேடைக்கு உதவாது.

சாவை மேடையில் காட்டவேண்டாம். விளக்கை மினுக்கி மின்சாரம் காட்டினால் பிள்ளைகள் சிரிக்கும். கிரேக்க நாடகத்திலும் ஆள் வந்து செய்திதான் சொல்வான். ஒருவர் மகனின் பூட்ஸோடு வந்து நின்றால் போதும்.

கடைசிக் காட்சி அதே பெரட்டுக் களம். பெயர் அழியாமல் இருக்கிறது. துணி ஆணியில் இருந்தாலும் தண்டல் உள்ளங்கையாலேயே துடைக்கட்டும். கையில் ஒட்டிய வெள்ளைப் பொடியை அவர் பார்க்க வேண்டும், விளக்கு மெதுவாக இறங்க வேண்டும். குறியை யாரும் திரும்பச் சொல்லக்கூடாது. இந்தக் காட்சியின் வசனத்தில் "கை" என்ற சொல் எங்கேயாவது இருந்தால் அடித்துவிடுங்கள்.