பூர்வகுடி ஓவிய கேலரி: நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

போன மாதம் ஓர் இளம் தம்பதி எங்கள் கடைக்கு வந்தார்கள். பக்கத்துச் சிற்றூரில் ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியங்களுக்கு கேலரி திறக்கப் போகிறார்களாம். விலைக்கு வாங்கிய ஓர் ஓவியத்தைத் துணிப்பையில் அச்சடித்து, மாதிரிக்கு ஒன்றை ஆசையாகக் காட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நடு ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் நாங்கள் குடும்பமாக கேலரி தொடங்கிய புதிதில் செய்த அதே தவறு. அங்கேயே அச்சகத்துக்குப் போன் போட்டு ஆர்டரை நிறுத்தச் சொன்னேன்.

போலி பூமராங் விற்காதீர்கள் என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

வாங்கிய ஓவியத்தை அச்சடிப்பது

கான்வாஸுக்குப் பணம் கொடுத்தால் கான்வாஸ் மட்டும்தான் நமக்குச் சொந்தம். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது. அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. ஒரு பெண் ஓவியர் வரைந்த நீர்ச்சுனை ஓவியம், என் மாமனாருக்கு உயிர். அதை வாழ்த்து அட்டையாக 500 அடித்தோம். ஓவியருக்கும் பெருமைதானே என்று நினைத்தோம்.

ஒருநாள் ஓவியரின் அக்கா கடைக்கு வந்தார். ஓர் அட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "யாரைக் கேட்டீர்கள்?" என்றார். அவ்வளவுதான். அந்தச் சுனை அவர்கள் தகப்பன்வழி நிலத்தில் இருக்கிறது. அதை வரையும் உரிமை தங்கைக்கு உண்டு. ஆனால் ஓவியம் சொல்லும் அந்தச் சுனையின் கதை எங்கெல்லாம் போகலாம் என்பதைக் குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். நாங்கள் செய்ததற்கு அந்தப் பெண் தன் வீட்டாரிடம் பேச்சு வாங்கினார். அட்டைகளை அழித்தோம், உரிமக் கட்டணம் கட்டினோம், நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அப்படியும் ஓவியர்களின் படைப்புகளை விற்றுக் கொடுக்கும் அந்த ஊர்க் கலை மையத்திலிருந்து இரண்டு வருஷம் எங்களுக்கு ஓர் ஓவியம்கூட வரவில்லை.

இன்றைக்கும் எனக்கு ஆறாதது, தெரியாமல் செய்தோம் என்று சொல்லவும் வழியில்லை என்பதுதான். பூர்வகுடி ஓவியங்களை அனுமதியில்லாமல் கம்பளங்களில் நெய்து இறக்குமதி செய்த வழக்கில், 1994இலேயே நீதிமன்றம் ஓவியர்கள் தம் சமூகத்தில் பட்ட பாதிப்புக்கும் சேர்த்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எங்கள் ஊருக்கு மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கிறது ஹெர்மன்ஸ்பர்க், புகழ்பெற்ற பூர்வகுடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா பிறந்த ஊர். அவர் இறந்தபின் அவருடைய பதிப்புரிமையைக் கவனித்து வந்த அரசு அறங்காவலர் 1983இல் அதை 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். குடும்பத்துக்கு அது திரும்பியது 2017இல். இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. நாங்களும்தான் கேட்டிருக்கிறோம்.

எழுத்தில் அனுமதி வாங்குங்கள்: எந்தப் பொருள், எத்தனை பிரதி, எவ்வளவு காலம், ஓவியருக்கு எவ்வளவு. கலை மையத்தின் வழியாகக் கேட்டால் யாரிடம் பேச வேண்டும் என்பதையும் சொல்வார்கள். இணையதளத்தில் படம் போடவும் கேளுங்கள்.

ராயல்டியை மறப்பது

ஓவியர் ஒப்படைத்ததை கமிஷனுக்கு விற்றுக் கொடுத்தால் அது முதல் விற்பனை. நீங்களே காசு கொடுத்து வாங்கி விற்றால் அது மறுவிற்பனை. இந்த வித்தியாசம் புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. 2010 ஜூன் முதல், 1,000 டாலரும் அதற்கு மேலும் போகிற மறுவிற்பனையை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ராயல்டி பொருந்துமானால் ஓவியருக்கு 5 சதவீதம்.

கதையை வளர்ப்பது

வாங்க வருபவரிடம், ஓவியத்தோடு வரும் சான்றிதழில் ஓவியத்தின் கதையாக இருப்பதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம்.

சுருட்டுவது

கான்வாஸைச் சுருட்டும்போது வண்ணம் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

இறந்தவரின் பெயர்

பல பூர்வகுடிக் குடும்பங்களில் துக்க காலத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்வதில்லை. ஓவியர் இறந்துவிட்டால் அவருடைய பெயரையும் புகைப்படத்தையும் உடனே எடுத்துவிட்டு, குடும்பத்தைக் கேளுங்கள். சில குடும்பங்களில் சில மாதம், சில குடும்பங்களில் வருஷக்கணக்கு. எங்கள் கடையில் ஓர் ஓவியத்துக்குக் கீழே பெயரட்டை எட்டு மாதம் இல்லாமல் இருந்தது. அப்புறம் ஒருநாள் அவருடைய மகன் வந்தார், தானே எழுதித் தருகிறேன் என்று பேனா கேட்டார்.