பாய் நனைகிறதா? குறட்டையையும் கவனியுங்கள்

எங்கள் பத்தமடையில் பிள்ளை பாயை நனைத்தால் விடிந்ததும் திட்டு விழும். தயவுசெய்து திட்டாதீர்கள், அது வேண்டுமென்று செய்வதில்லை. ஐந்து வயசு தாண்டியும் தொடர்ந்தால், நன்றாகத் தூங்கியபின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். என் பேரனுக்கு வாய் திறந்தே கிடக்கும். குறட்டை சட்டென்று நிற்கும், நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கும், அப்புறம் ‘ஹக்’கென்று ஒரு மூச்சு. இதைச் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது உதவும்.

மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதையான அடினாய்டோ, தொண்டைச் சதையான டான்சிலோ வீங்கி மூச்சை அடைத்தால், பிள்ளை திணறி மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயத்தின் மேலறை விரியும். அங்கே சுரக்கும் ஹார்மோன் சிறுநீரைக் கூட்டும். தூக்கம் கெட்டுக்கெட்டு, முட்டினாலும் விழிப்பு வராது.

குழந்தை மருத்துவரைப் பாருங்கள், அப்படியே காது மூக்கு தொண்டை மருத்துவரையும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் அந்தப் பிரிவு உண்டு. மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதனாலும் நனையும். அடைப்பு நீங்கினால் பல பிள்ளைகளுக்குச் சரியாகிறது, எல்லோருக்கும் அல்ல. மற்றவர்களுக்கு நனைந்ததும் ஒலித்து எழுப்பும் அலாரம், மாத்திரை என்று வேறு வழி இருக்கிறது.

முன்பு நனைக்காத பிள்ளை திடீரென நனைத்து, தண்ணீரும் நிறையக் குடித்தால் அன்றே சர்க்கரை பார்த்துவிடுங்கள்.