லட்சத்தீவில் கரைப்பறவைகளை அடையாளம் காணத் தொடங்குவது எப்படி?

அரபிக்கடலில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பே கொண்ட லட்சத்தீவில் ஒரு காலைப் பொழுதில் கண்ணில் படும் கரைப்பறவை இனங்கள் சிலவே. ஆகவே, ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்துப் பழக இது நல்ல இடம்.

முதல் படி, பயணத்தைத் திட்டமிடுவது. வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தங்குகின்றன. தீவுகளுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கட்டாயம் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் ஒன்று போதும்.

இரண்டாவது படியான ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலை, பலர் பொருட்படுத்துவதில்லை. என் கணிப்பில் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது பறவைகள் பவளத்திட்டெங்கும் சிதறி, வெறும் புள்ளிகளாகத் தெரியும். நீர் ஏற ஏற அவை கரையை நோக்கி ஒதுங்கி வரும் என்பதால், ஓதம் உச்சத்தை அடைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சென்று அசையாமல் அமர்ந்துவிட வேண்டும். பெரும்பாலான தீவுகளில் பவளத்திட்டுக்கு உள்ளே அடங்கிய ஆழமற்ற நீர்ப்பரப்பான காயல் மேற்குப் பக்கம் இருப்பதால் காலையில் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் விழும். முற்பகலில் ஓதம் உயரும் நாளாகத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சமும் கைகொடுக்கும்.

மூன்றாவது படி, நிறத்தை விட்டுவிட்டு அலகையும் நடையையும் பார்ப்பது. குளிர்காலத்தில் பல இனங்கள் இனப்பெருக்கக் கால வண்ணங்களை இழந்து மங்கியிருக்கும்; அலகு மாறாது. சிறிய கூரிய அலகால் கல்லையும் சிப்பியையும் புரட்டி இரை தேடும், ஆரஞ்சு நிறக் கால்களுடைய பறவை கல்திருப்பி உள்ளான். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகும், தலையில் கோடுகளும் இருந்தால் அது சின்னக் கோட்டான். கறுப்பு வெள்ளை உடலும், தடித்த கறுப்பு அலகும், நீண்ட கால்களும் கொண்டது நண்டு தின்னி. கரைப்பறவைகளில் மணலில் வளை தோண்டி முட்டையிடுவது இது ஒன்றுதான். ஆனால் அந்தக் காட்சியைக் காண அரேபியக் கரைகளுக்குப் போக வேண்டும்.

கரைக்கொக்கு வெள்ளையாகவும் இருக்கும், கருஞ்சாம்பலாகவும் இருக்கும். இரண்டும் ஒரே இனம். ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் இரண்டு மணல் உப்புக்கொத்தி இனங்களில் சிறியது எது, பெரியது எது என்ற ஆராய்ச்சியை முதல் பயணத்தில் தொடங்க வேண்டாம். அனுபவமுள்ளவர்களே அதில் தடுமாறுகிறார்கள்.

கடைசிப் படி, தலைநகரான கவரத்திக்கு வடமேற்கே உள்ள பிட்டி என்னும் சிறு மணல்திட்டைப் பற்றியது. ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் கூட்டமாக முட்டையிடும் அந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. தாய்ப்பறவை எழுந்து பறந்துவிட்டால் வெயிலும் நண்டுகளும் முட்டைகளை அழித்துவிடும். தொலைவில் படகை நிறுத்திப் பார்த்தாலே இரு இனங்களைப் பிரித்தறியலாம்: மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக, பிளவுபட்ட வாலுடன் பறப்பது கரும்பழுப்பு ஆலா, உடல் முழுவதும் பழுப்பாக, உச்சந்தலை மட்டும் வெளிறியிருப்பது நாடி ஆலா.