ரிசூம்னா மறுபடி ஆரம்பிக்கிறதா, விட்டத தொடர்றதா?

டிக்‌ஷனரிய பொரட்டினா ரிசூமுக்கும் "மீண்டும் தொடங்கு"ன்னு இருக்கும், ரீஸ்டார்ட்டுக்கும் அதேதான் இருக்கும், குழப்பம் அங்கதான் வருது. ரிசூம்னா நடுவுல நின்னுபோனத விட்ட எடத்துலேர்ந்து தொடர்றது. ரீஸ்டார்ட்னா மொதல்லேர்ந்து.

ஒரு மேட்ச்ல 42க்கு 3 விக்கெட், மழை வந்து நிறுத்திட்டாங்கன்னு வைங்க. மழை விட்டதும் அதே 42க்கு 3ல தொடர்ந்தா ‘த மேட்ச் ரிசூம்ட்’. ஸ்கோர அழிச்சிட்டு புதுசா டாஸ் போட்டா அது ரீஸ்டார்ட். பாதில நிறுத்தின படத்த தெறந்தா ஆப்ல ரெண்டு பட்டன் காட்டுமே, ரிசூம் ஒண்ணு, ஸ்டார்ட் ஓவர் ஒண்ணு, அதுல தப்பான பட்டன ஒரு தடவ அமுக்கிட்டு டைட்டில்லேர்ந்து பாத்தவங்களுக்கு இந்த வித்தியாசம் ஜென்மத்துக்கும் மறக்காது.

இப்ப வாக்கியத்துல எப்படி போடறதுன்னு பாப்போம். மேட்ச் மாதிரி தானா தொடர்ந்தாலும் போடலாம், ஒருத்தர் ஒண்ண தொடர்ந்தாலும் போடலாம்: ‘ஐ வில் ரிசூம் ஒர்க் ஆன் மண்டே’. ரிசூமுக்கு அப்புறம் இன்னொரு வினைச்சொல் வேணும்னா ஐஎன்ஜி சேத்து ‘ஷி ரிசூம்ட் ரீடிங்’. நடுவுல ‘டு’ வராது. ‘ரிட்டர்ன் டு ஒர்க்’னு சொல்லி பழகின வாய்க்கு ‘ரிசூம் டு ஒர்க்’னு வரும், அது தப்பு. அதே மாதிரி ‘ரிசூம் அகெய்ன்’, ‘ரிசூம் பேக்’ எல்லாம் நடுசென்டர் கேஸ், ஏன்னா முன்னாடி இருக்கற ‘ரி’யே மறுபடின்னுதான் சொல்லுது. நானும் ரொம்ப நாள் லீவ் மெயில்ல ‘வில் ரிசூம் பேக்’னு பெருமையா போட்டுட்டு இருந்தவன்தான், யாரும் திருத்தல.

புது வேலைல மொத நாள் போறதுக்கு ரிசூம் போடாதீங்க, அது ஜாயின். கன்டின்யூவுக்கு நடுவுல கேப் விழுந்திருக்கணும்னு அவசியமில்ல, ரிசூமுக்கு கட்டாயம் கேப் வேணும். ‘ப்ளீஸ் ரிசூம் யுவர் சீட்ஸ்’னா அவங்கவங்க எடத்துல போய் மறுபடி உக்காருங்கன்னு அர்த்தம்.

உச்சரிப்புல வினைச்சொல் ரி-ஸூம், அழுத்தம் ரெண்டாவது பாதில, பிரிட்டிஷ்காரங்க ரி-ஸ்யூம்பாங்க. வேலைக்கு அனுப்பற பயோடேட்டாவுக்கும் ஸ்பெல்லிங் இதேதான், ஆனா அது ரெ-ஸு-மே, பிரெஞ்சுலேர்ந்து வந்தது, சுருக்கம்னு அர்த்தம். ஒழுங்கா எழுதறவங்க அதோட ஈ எழுத்து மேல சின்ன கோடு போடுவாங்க, முக்கால்வாசி பேர் போடறதில்ல, அதனால வாக்கியத்த பாத்துதான் எதுன்னு கண்டுபிடிக்கணும். ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், ‘மறுபடி எடுத்துக்க’ன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லு.

பெயர்ச்சொல்லா வேணும்னா ரிசம்ப்ஷன், நடுவுல ஒரு பி நுழையும், அஸ்யூம் அஸம்ப்ஷன் ஆகற மாதிரி. ரிசூம், ரிசம்ப்ஷன் ரெண்டுமே கொஞ்சம் ஆபீஸ் வார்த்தை, ஃப்ரெண்ட்ஸ் கிட்ட ‘லெட்ஸ் ரிசூம் அவர் கான்வர்சேஷன்’னா சிரிப்பாங்க, ‘வேர் வேர் வி’, அதாவது எங்க விட்டோம்னு கேட்டா போதும்.