நடப்பவருக்கும் வண்டிக்கும் ஒரே தெரு: குமுளிக் கடைவீதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமுளியில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும். பையைத் தூக்கிக்கொண்டு செக்போஸ்ட்டை நடந்து தாண்டினால்தான் கேரளப் பேருந்து. அதனால் குமுளியில் பேருந்தில் வந்து இறங்கும் எல்லோரும் கொஞ்ச தூரமாவது பாதசாரிதான். அதே தெருவில் காலையில் கம்பம் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகள், தேக்கடிக்குப் போகும் வேன்கள், கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை வண்டிகள். யார் முதலில் போவது என்பதைப் பெரும்பாலும் கண்ணும் கையும் ஹாரனும்தான் முடிவு செய்கின்றன. இந்தப் பேரத்தில் இரு தரப்பும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன.

எல்லாவற்றுக்கும் தாய் வேகம். லோயர் கேம்ப்பிலிருந்து வளைவு வளைவாக ஏறி வந்தவருக்கு, மேலே சமதளம் தெரிந்ததும் காலை அழுத்தத் தோன்றும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக எப்படியும் ஒரு நொடி ஆகும். அதற்கு மேல் பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையிலேயே இன்னொரு 14 மீட்டர் வேண்டும். 30-ல் வந்தால் எல்லாம் சேர்த்து 13, 14 மீட்டரில் நின்றுவிடலாம். மழை பெய்தால் இரண்டுமே நீளும், குமுளியில் மழைக்குப் பஞ்சமில்லை. நடப்பவரும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் 30 தான் உச்சவரம்பு என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த சாலைப் பாதுகாப்பு மாநாட்டில் பல நாடுகள் அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. என்னைக் கேட்டால் சந்தை நேரத்தில் 30-ம் அதிகம்.

அடுத்தது ஹாரன். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் ஹாரன் அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். முதுகுக்குப் பின்னால் திடீரென்று அலறினால் சிலர் முன்னால் பாய்வார்கள், சிலர் பின்னால் தாவுவார்கள், வயதானவர் அப்படியே உறைந்து நிற்பார். யார் எதைச் செய்வார் என்று ஓட்டுநருக்கும் தெரியாது. வேகத்தைக் குறைத்துவிட்டு லேசாக ஒருமுறை அடிப்பது வேறு விஷயம், அதில் தப்பில்லை.

ஹெட்லைட் மினுக்குவது இன்னும் சிக்கல். நம் ஓட்டுநர் மினுக்கினால் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். பிரிட்டனிலிருந்து தேக்கடி பார்க்க வந்தவருக்கு அதுவே ‘நீங்கள் போங்கள்’. நம்பி இறங்கிவிடுவார். வெளியூர் ஆட்கள் நடமாடும் தெருவில் விளக்கைத் தொடாமல், நின்று கையைக் காட்டிவிடுவது நல்லது.

நடப்பவர் பக்கம் வருவோம். கையை நீட்டிவிட்டு, தலையைத் திருப்பாமலேயே இறங்கி நடப்பதுதான் அதிகம் கண்ணில் படும் தவறு. கை காட்டுவது ஒரு கேள்வி. பதில் வந்ததா என்று பார்க்க வேண்டாமா? ‘ஓட்டுநரின் கண்ணைப் பார்’ என்பார்கள். மூடுபனியிலும், மாலை வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும்போதும் முகமே தெரியாது. சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு தாழும், சக்கரம் சுற்றுவது மெதுவாகும். அது தெரிந்த பிறகு காலை எடுத்து வைக்கலாம். இறங்கியபின் ஓட வேண்டாம், பாதியில் மனம் மாறித் திரும்பவும் வேண்டாம். நீங்கள் அதே நடையில் போவீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் வண்டியை உங்களுக்குப் பின்புறமாக ஒதுக்குகிறார்.

எனக்கு மிகவும் பயம் தருவது மரியாதையான ஓட்டுநர்தான். ஜீப்காரர் நின்று ‘போங்கம்மா’ என்று கை காட்டுகிறார். அந்த அம்மா அவருக்குத் தலையசைத்துவிட்டு வேகமாக நடக்கிறார். ஜீப் ஏன் நிற்கிறது என்று யோசிக்காத டூவீலர் பக்கத்தில் புகுந்து வருகிறது. ஜீப் மறைப்பதால் அம்மாவுக்கு டூவீலர் தெரியாது, டூவீலருக்கு அம்மா தெரியமாட்டார். ஜீப்காரரின் சைகை ஜீப்புக்கு மட்டும்தான் பொருந்தும். அதனால் நின்ற வண்டியின் ஓரம் வந்ததும் ஒரு கணம் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுபவருக்கும் இதே பாடம்தான்: காரணம் தெரியாமல் நிற்கும் வண்டியை முந்தவே கூடாது. பேருந்து என்றால் இரு மடங்கு கவனம். அதன் முன்னாலிருந்து யாராவது வருவார்கள்.

‘கோடு, சிக்னல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தானாகப் பொறுப்பு வந்துவிடும்’ என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். நெதர்லாந்தில் ஹான்ஸ் மாண்டர்மன் என்ற போக்குவரத்துப் பொறியாளர் டிராக்டன் ஊரின் பெரிய சந்திப்பில் சிக்னலை எடுத்துக் காட்டியது உண்மைதான். வண்டிகளுக்கு நடுவே பின்னோக்கி நடந்து காட்டியும் இருக்கிறார். ஆனால் அங்கே தரையும் வளைவும் வண்டியை மெதுவாக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. நம்மிடம் கோடு இல்லாதது மட்டும் இருக்கிறது, மெதுவாக்கும் அமைப்பு இல்லை. கண்ணால் பேசிக்கொள்வதில் பார்வையற்றவருக்கு இடமும் கிடையாது. இந்தக் குறையைச் சுட்டித்தான், நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே விளிம்பில்லாத இத்தகைய புதுத் தெருத் திட்டங்களை நிறுத்திவைக்கும்படி பிரிட்டிஷ் அரசு 2018-ல் உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. வெள்ளைக் கோலுடன் ஒருவர் வந்தால் ஹாரன் அடிக்காமல், சைகை செய்யாமல், வண்டியை முழுதாக நிறுத்துங்கள்.

மொபைலைப் பார்த்துக்கொண்டு நடப்பதும் ஓட்டுவதும் எல்லோருக்கும் தெரிந்த தவறு, விட்டுவிடுகிறேன். ரிவர்ஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆள் இறக்கிவிட்டு ஜீப் பின்னால் வரும்போது வண்டியை ஒட்டி நிற்கும் குழந்தை கண்ணாடியில் தெரியாது. கிளீனரோ பயணியோ யாராவது ஒருவர் இறங்கி, ஓட்டுநர் கண்ணில் படும்படி பக்கவாட்டில் நின்று சொல்ல வேண்டும். நேர் பின்னால் நின்று ‘வா, வா’ என்று தட்டுபவர் இருக்கிறாரே, நசுங்கும் இடத்தில் நிற்பவர் அவர்தான்.