கஷ்டமான இங்கிலீஷ் சொல்லு மனசுல நிக்கணுமா, தேயிலை ஃபெக்டரி வாசல்ல இருந்து தொடங்குங்க

ஏ எல் பரீட்சை எழுதின புதுசுல நான் டிக்‌ஷனரிய வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு இருபது சொல்லுன்னு பாடமாக்குனேன், கொப்பி நிறைஞ்சதுதான் மிச்சம். ஒரு இன்டர்வியூல எங்க தோட்டத்து கணக்கப்பிள்ளை ரொம்ப ஒஃபிஷியஸ்னு சொல்லிட்டேன், ஒஃபீஸ் வேலைய ஒழுங்கா பாக்குறவர்னு நெனச்சு. அதுக்கு அர்த்தம், வேண்டாத எடத்துல மூக்க நுழைச்சு அதிகாரம் பண்றவராம். உள்ளத சொன்னா அவருக்கு அது பொருந்தத்தான் செஞ்சது, ஆனா வேல கெடைக்கல.

அதனால கையில பழகுன சாமான்ல இருந்து சொல்ல புடிங்க. பறிச்ச கொழுந்த ஃபெக்டரில பரத்தி காத்து விட்டு வாட்டுறாங்கல்ல, அது விதரிங். இனி விதரிங் லுக்னு எங்க வாசிச்சாலும் தேட வேணாம், ஆளையே வாட வைக்கிற பார்வை. சாயம் கூடுன பிளேன்டி நாக்க இழுத்துப் புடிக்குமே அந்தத் துவர்ப்பு அஸ்ட்ரிஞ்சன்ட், ஒருத்தர் சுள்ளுனு குத்திப் பேசுனாலும் அதே சொல்லுதான். தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுறது ப்ரூனிங், கட்டுரையில வேண்டாத வரிய வெட்டுறதும் ப்ரூனிங்.

அடுத்தது வேர். லத்தீன்ல மெல்னா கெட்டது, மெல்நியூட்ரிஷன், கெடுதல் நெனைக்கிற ஆளுக்கு மெலவலன்ட், மலேரியா கூட இத்தாலி பாஷையில கெட்ட காத்துதான். இதுக்கு எதிர்ப்பக்கம் பெனிஃபிட், பெனவலன்ட். ஆனா காதுக்கு மெல்னு கேக்குறதெல்லாம் இந்தக் குடும்பம் இல்ல, மெலடி வேற வீட்டுப் புள்ள.

சில சொல்லு கதையோட ஒட்டிக்கும். தேடாமலே நல்லது வந்து கையில விழுறது செரண்டிபிட்டி, 1754ல ஹொரஸ் வோல்போல்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தாளர் உண்டாக்குனது, அதுல வர்ற செரண்டிப் நம்ம இலங்கையோட பழைய பேரு.

எந்தச் சொல்லா இருந்தாலும் உங்க வீட்டு ஆள வச்சு ஒரு வசனம் எழுதி, இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிருங்க, இதச் செய்யாமத்தான் நான் மாட்டுனேன்.

படிச்சது மொத நாளே கடகடன்னு மறக்கும்னு எபிங்ஹவுஸ்ங்கிற ஜெர்மன்காரர் தன்னையே சோதிச்சுப் பாத்து 1885லயே எழுதிட்டாரு. அதனால இன்னைக்கு எழுதுனத நாளைக்கு, மூணு நாள் கழிச்சு, ஒரு கிழமை கழிச்சுன்னு அர்த்தத்த கையால மூடிக்கிட்டு சொல்லிப் பாருங்க. நான் ஹட்டன்ல இருந்து நுவரெலியா போற பஸ்ல வளைவுக்கு ஒரு சொல்லுன்னு வச்சிருக்கேன், வளைவுக்கா பஞ்சம்.